சீர்வரிசைத் தட்டில் கிழிந்த சட்டை

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு சட்டை இருந்தது. நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. காலரில் தையல் விட்டிருக்கும். மேல் பொத்தான் இருக்காது. மார்புப் பக்கம் துருப்பிடித்தது போல ஒரு பொட்டு. அது என் அப்பாவின் உதட்டிலிருந்து விழுந்த ரத்தம். சட்டையைத் துவைக்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. அப்பா அதைப் பாச்சை உருண்டை போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்திருந்தார். ஆயுத பூஜை அன்றுதான் அது வெளியே வரும். அப்பா காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். மீட்டர் கோல், கத்தரிக்கோல், பக்கத்தில் இந்தச் சட்டை. மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சூடம் காட்டுவாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் காரைக்கால் கடற்கரையில் ஒரு படம் எடுத்தார்கள். கதாநாயகன் மீனவன். நடித்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய ரசிகர்கள் இன்றைக்கும் வாசலில் வந்து நிற்பார்கள், பாதிப் பேர் என்னை உதைக்க, பாதிப் பேர் சட்டையைப் பார்க்க. அப்பா அப்போது இளவட்டம். வேடிக்கை பார்க்க எங்கள் ஊரான நெரவியிலிருந்து சைக்கிளில் போனவரைக் கூட்டத்தில் நிற்க வைத்தார்கள். கதாநாயகன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படகை நோக்கி ஓடுகிற காட்சி. குறுக்கே நிற்கிற ஒருவனை அவர் அறைய வேண்டும். "அந்த நீலச் சட்டையைக் கூப்பிடு" என்று இயக்குநரே கை நீட்டி அப்பாவைத் தேர்ந்தெடுத்தார். அறை விழுந்தது. உதடு கிழிந்தது. அப்பா கலங்கவில்லை. நேராகக் கேமரா பக்கம் திரும்பி, "சார், ஷாட் ஓகேவா?" என்று கேட்டார். மொத்தக் கூட்டமும் சிரித்துக் கை தட்டியது. இதுதான் அப்பா சொன்ன கதை. நான் சோறு உண்ணத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கதையையும் சேர்த்து உண்டிருக்கிறேன்.

படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். ஒரு கை வரும், ஒரு முகம் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் அது என் அப்பாவின் முகம். அதில் சந்தேகமே கிடையாது.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்ததும் தங்கள் கன்னத்திலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டு, "சார், ஷாட் ஓகேவா?" என்பார்கள். நான் அழுதுகொண்டு ஓடுகிற ஜாதி இல்லை. ஒருவன் மூக்கில் ஜியாமெட்ரி பாக்ஸ் விழுந்தது. என் வாயும் கையும் நீளம் என்ற பெயர் அன்றே ஊரில் நின்றுவிட்டது. அந்தப் பெயர் பிறகு வந்த வரன்களுக்கெல்லாம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. முப்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் முதலாளி ஒரு பாய். பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். அப்பாவுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, அந்த நடிகர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்ததும் மாடிக் கிடங்கில் துணி பேல்களுக்கு நடுவே நாலைந்து பேர் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பாய் துபாயில் வாங்கிய வீடியோ கேசட்டுகளைக் கொண்டு வருவார், அட்டையில் நடிகரின் பெயர் அரபியில் இருக்கும். போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் பாதி கிழிந்த போஸ்டரைத் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மீதிப் பாதி மாயவரத்தில் ஒருத்தரிடம் இருக்கிறதாம், இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க மாட்டார்களாம்.

இவர்களுக்கு இன்னொரு விளையாட்டும் உண்டு. காட்சியில் தவறு பிடிப்பது. முன் ஷாட்டில் பாதி இருந்த டீ அடுத்த ஷாட்டில் முழுசாக இருக்கிறது, வலது தோளில் கிடந்த துண்டு இடது தோளுக்குப் போய்விட்டது, இப்படி. தாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆளின் படத்திலேயே ஓட்டை தேடுவதில் இவர்களுக்கு என்ன சந்தோஷமோ தெரியாது. கண்டுபிடித்தவருக்கு அன்றைக்கு டீ இலவசம். அப்பாவுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது. அவர் முறை வந்தால் அறையைச் சொல்வார். தெரிந்த கதைதான் என்றாலும் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அந்த நடிகரின் கை பட்டவர் அந்தக் கிடங்கில் அவர் ஒருவர்தான்.

காரைக்கால் தருமபுரத்து வரனைப் பாய்தான் கொண்டு வந்தார். பையன் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. பையனின் அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அதே நடிகரின் ரசிகர். பாய்க்கு இதற்குமேல் எந்தப் பொருத்தமும் பார்க்கத் தேவைப்படவில்லை.

பாயோடு பெண் பார்க்க வந்தார்கள். பையனை எனக்குப் பிடித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதிகம் பேசாதவராக, காபியை மிச்சம் வைக்காமல் குடிக்கிறவராக இருந்தார். அவருடைய அப்பா வந்ததிலிருந்து என்னைப் பார்க்கவே இல்லை. சாமி படங்களுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பஜ்ஜி சாப்பிட்டு முடிந்ததும் அப்பா கை கழுவி, துடைத்து, உறையைப் பிரித்து, சட்டையைப் பெரிய தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு வந்து நீட்டினார். ஒரு நகை இருந்திருந்தால் அதைக்கூட அவ்வளவு மரியாதையாகக் காட்டியிருக்க மாட்டார்.

பையனின் அப்பா சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தன் கைப்பேசியை எடுத்தார். அந்தப் படத்தைப் புதுசாகச் சுத்தம் செய்து போட்டிருக்கிறார்களாம், பளிங்கு போல இருக்கிறதாம், சம்பந்தி பார்த்ததில்லையா என்று கேட்டார். அப்பா பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்தது பழைய சி.டி. அதில் எல்லா முகமும் கரைந்துதான் தெரியும்.

எல்லோரும் எழுந்து அவர் நாற்காலியைச் சுற்றி நின்றோம். கடற்கரை வந்தது, கூட்டம் வந்தது, கை வந்தது. அவர் நிறுத்தினார். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். திரும்பவும் பின்னால் தள்ளி ஓட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிடங்கில் தவறு பிடித்தவர்களுக்கு வருகிற அதே வெளிச்சம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"கையில வாட்ச் இருக்கு பாருங்க" என்றார். "படம் பூரா இவரு மீனவரு. வெறுங்கை. இந்த ஒரு எடத்துல மட்டும் தங்கச் செயின் வாட்ச்."

அது வெயில் பட்ட பளபளப்பு என்றார் அப்பா. எப்போதும் அப்படித்தான் சொல்லி வந்தார். ஆனால் இந்தத் தடவை அந்த வாட்சில் முள்கூடத் தெரிந்தது.

"ஷாட்டுன்னா வாட்சக் கழட்டியிருப்பாருல்ல" என்று அவர் மெதுவாக, ருசித்துச் சொன்னார். "இது ஷாட் இல்லீங்க. கேமரா பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துருக்கு, அத அப்படியே படத்துல சேத்துட்டாங்க. உங்கள நெசமாவே அடிச்சிருக்காரு."

அப்பா தாம்பாளத்தைப் பிடித்தபடியே நின்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. நான் பாயைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துச் சிநேகிதர், ஏதாவது சொல்லி மூடி விடுவார் என்று நினைத்தேன். பாயும் முதலில் பழசையெல்லாம் எதற்குக் கிளற வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் பேசிக்கொண்டே கைப்பேசியை வாங்கிக்கொண்டார். வாட்சைப் பார்த்தார். "அல்லாவே" என்று ஒரு மூச்சு விட்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, அந்தச் சட்டையைத் தான் ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வந்து பார்த்த சட்டை. இப்போதுதான் முதல் முறை பார்க்கிறவர் போலக் கேட்டார்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் யாருக்கும் அப்பா பொய் சொன்னதில் வருத்தம் இல்லை. பொய் வெளிப்பட்டதில் சட்டையின் மதிப்பு ஏறிவிட்டது. நடித்த அறை எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள், நிஜ அறை யாரிடம் இருக்கிறது என்று தருமபுரத்துக்காரர் கேட்டார். பாய் தலையாட்டினார். அப்பாவின் முகத்தைப் பார்க்க அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா மட்டும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "இத்தன வருசமா இதுக்கா சூடம் காட்டுனேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.

மறுநாள் பாய் மூலம் சம்மதம் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, நகை நட்டு எதுவும் கேட்கவில்லை, வரதட்சணை என்ற பேச்சே வேண்டாம். அந்தச் சட்டையை மட்டும் சீர்வரிசையில் வைத்துவிட்டால் போதும்.

நான் முடியாது என்றேன். வீடே அதிரச் சொன்னேன். இந்தச் சம்பந்தமே வேண்டாம், நான் கணக்கு டீச்சராகவே கிழவியாகிறேன் என்றேன். அப்பா கோபப்படவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு நடந்தது என்ன என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து கேட்ட கதையை அன்றுதான் முதல் தடவையாகக் கேள்வியாகக் கேட்டேன்.

நடிகரின் தோளில் கடல்பாசி ஒட்டியிருந்ததாம். சட்டை அழுக்காகிவிடுமே என்று அப்பா பின்னால் போய்த் தட்டிவிடப் பார்த்தாராம். நடிகர் திரும்பினார், அறைந்தார், போய்விட்டார். அடித்தது யாரை என்றுகூடப் பார்க்கவில்லை. கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தெரியலம்மா" என்றார் அப்பா. "பாத்தா, கேமரா என்னப் பாத்துக்கிட்டு நிக்குது. அதான் ஷாட் ஓகேவான்னு கேட்டுட்டேன். அங்கேருந்து ஒருத்தரு 'ஓகே ஓகே, போ'ன்னாரு. அப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தார். "கேமரா ஓடலேன்னா அது அடி. ஓடுச்சுல்ல" என்றார்.

அந்த நடிகரின் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. அவர் இப்போது எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய வயதில் இருக்கிறார். சட்டையைத் தர வேண்டாம் என்று மட்டும் கெஞ்சினேன். நான் கெஞ்சியது என் வாழ்நாளில் அது ஒன்றுதான். அப்பா எழுந்து செருப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அவங்க கேட்டு நாம குடுக்குற மாதிரி நம்ம வூட்டுல வேற என்னம்மா இருக்கு?" என்றார்.

சீர்வரிசை மேளத்தோடு வந்தது. ஆப்பிள் ஒரு தட்டு, சர்க்கரை ஒரு தட்டு, பட்டுப்புடவை ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டைத் தட்டு. அதை அப்பாவே தூக்கி வந்தார். போட்டோ எடுக்க வந்தவர் வேறு யார், பாதி போஸ்டர்க்காரர்தான். தாலி கட்டுகிற நேரத்தில் அவர் கேமரா சட்டைத் தட்டின் மேல் இருந்தது. என் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் என் முகத்தைப் புரோகிதரின் கை மறைக்கிறது. சட்டை நாலு பக்கத்தில் இருக்கிறது.

தருமபுரத்து வீட்டுக் கூடத்தில் இப்போது அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மேலே ஒரு சின்ன விளக்கு. கீழே அச்சடித்த அட்டையில் நடிகரின் பெயர், படத்தின் பெயர், 'நிஜ அறை' என்று ஒரு வரி. அப்பாவின் பெயர் இல்லை. மருமகளாக வந்த புதிதிலேயே அதை மாமாவிடம் கேட்டேன். யார் வாங்கினால் என்ன, யார் கொடுத்தார் என்பதுதானே விஷயம் என்றார். சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற தோரணையில் சொன்னார். தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை என்னுடையது. என் விரல் ரேகை பட்டால்கூட அவருக்குப் பொறுக்காது.

அப்பாவின் கதையும் மாறிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது நிஜத்தையே சொல்கிறார். கடல்பாசியைச் சொல்கிறார், வாட்சைச் சொல்கிறார். சட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் தருமபுரம் போங்கள், சம்பந்தி வீட்டில் இருக்கிறது என்று வழியும் சொல்கிறார். பழைய பொய்யில் அவருக்கு இருந்த நிமிர்வு இந்த நிஜத்தில் இல்லை. பாய் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கிடங்கிலிருந்து எங்கள் கூடத்துக்கு இடம் மாறிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிறு. மாயவரத்திலிருந்து மீதிப் பாதி போஸ்டர்க்காரர் தன் ஆட்களோடு சட்டையைப் பார்க்க வந்திருந்தார். அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார் மாமா. அப்பா நெரவியிலிருந்து பஸ்ஸில் வந்தார், எனக்கு முருங்கைக்கீரையும் நார்த்தங்காயும் பையில் கொண்டு வந்தார். பையை என்னிடம் கொடுப்பதற்குள் மாமா அவரைக் கைப்பிடித்து இழுத்துப் போய்க் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே நிறுத்தினார்.

நான் டீ கொண்டு வந்தபோது, விருந்தாளிகளுக்காக அவர்கள் இருவரும் வழக்கமாக நடித்துக் காட்டுகிற அறைக் காட்சி ஆரம்பித்திருந்தது. மாமா கையில் தங்கச் செயின் வாட்ச். அன்றாடம் அவர் வாட்ச் கட்டுகிறவர் இல்லை, இதற்காகவே வாங்கி வைத்திருக்கிறார். அவர் முதுகைக் காட்டி நின்றார். அப்பா பின்னால் வந்து தோளில் பாசியைத் தட்டுவது போலத் தட்டினார். மாமா திரும்பிக் கையை ஓங்கினார். எப்போதும் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிற கை அன்றைக்கு நிற்கவில்லை. வெளியூர் ஆட்கள் பார்க்கிற உற்சாகம். சத்தம் அடுக்களை வரை கேட்டிருக்கும். வாட்ச் செயின் பட்டு அப்பாவின் உதட்டோரம் சிவந்தது.

அப்பா ஒரு வினாடி அப்படியே நின்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். என் கணவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஷாட் ஓகேவா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் டீத் தட்டை டீப்பாயில் வைத்தேன். "ஓகே இல்ல" என்றேன். "இன்னொரு டேக் போகணும். இந்தத் தடவ மாமா அந்தப் பக்கம் நிக்கட்டும். வாட்ச நான் கட்டிக்கிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவின் முகம் கறுத்தது. என் கணவர் கைப்பேசியை இறக்கினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்கள் யாரைப் பற்றியும் கவலை இல்லை. நான் அப்பாவைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, ஒரு சின்னச் சிரிப்பாவது என் பக்கம் வரும் என்று நினைத்தேன்.

அப்பாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத கோபம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தபோதுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பெரியவங்ககிட்ட என்னா பேச்சு இது? உள்ள போ நீ" என்றார்.

பிறகு சம்பந்தியிடம் கை கூப்பி, மகள் வாய் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டார். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். கட்டியிருந்த வேட்டியைச் சரி செய்தார். திரும்பவும் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே போய் அதே இடத்தில் நின்றார்.

"வெளியூர்லேருந்து வந்துருக்காங்க, பாவம்" என்றார். "நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னதுல மாப்ள போன்ல சரியா வுழுந்துருக்காது. வாங்க சம்பந்தி, இன்னொரு தடவ எடுத்துக்கலாம்."